உதட்டசைவு

கோவையின் பழைய நூற்பாலை அருங்காட்சியகமானபோது, இறந்துபோன தொழிலாளி பொன்னுரங்கனைக் கணினி பேசவைக்கும் ஒளியுருவாக அங்கே நிறுத்தினார்கள். வருகிறவர்கள் எதைக் கேட்டாலும் அவர் பதில் சொன்னார்.

அவர் மனைவி மயிலாத்தாள் ஒரு மதியம் தனியாக வந்தாள். "பேசுங்க அம்மிணி, அசல் அவரேதானுங்க!" என்றான் காவலாளி.

பார்வையாளர்களுக்காக ஓடவிட்ட எந்திரங்கள் அன்றுபோலவே இரைந்தன. அந்த இரைச்சலில் இருபது வருஷம் சேர்ந்து வேலை பார்த்த இருவரும் குரலெழுப்பாமல் உதட்டசைவிலேயே பேசிக்கொண்டவர்கள். வீட்டில் தொடங்கிய சண்டையைக்கூட இங்கே வந்துதான் முடிப்பார்கள். மயிலாத்தாள் உதட்டை மட்டும் அசைத்தாள்: "நீங்க போனதுக்கப்புறம் வீட்ல பேச்சே இல்லீங்க."

பொன்னுரங்கன் அதே பழைய சிரிப்புச் சிரித்தார். அவர் சொன்ன பதில் இரைச்சலில் கேட்கவில்லை. அவர் உதட்டைப் பார்த்தே அதைத் தெரிந்துகொண்டாள்:

"ஒண்ணும் கேட்கலீங்க. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, அம்மா."