பாராசூட் சமாதானம்

ராணுவத்துக்கான பாராசூட்டுகளைக் குதித்துச் சோதிப்பது கணவனின் வேலை. அதே இடத்தில் அவற்றை மடித்துக் கட்டுவது மனைவியின் வேலை.

அன்று காலை வீட்டில் பெரிய சண்டை. "உங்கம்மா இங்க வந்து தங்கறதா இருந்தா நான் வெளியே போயிடறேன்" என்று கத்திவிட்டு வந்திருந்தான்.

விமானக் கதவருகே நின்றபோதுதான், முதுகில் இருப்பது யார் மடித்தது என்ற நினைப்பு வந்தது. உடனே ரேடியோவில் மனைவியைக் கூப்பிடச் சொன்னான்.

"இங்க பாரும்மா, காலையில நான் பேசினது தப்பு. அத்தை நம்ம கூடவே இருக்கட்டும்."

"நிஜமாவா?"

"சத்தியமா. உன் தங்கச்சியும் வரட்டும்."

கீழே கட்டுப்பாட்டு அறையே குலுங்கிச் சிரித்தது.

கண்ணை மூடிக்கொண்டு குதித்தான். பாராசூட் பூப்போல விரிந்தது. தரையில் இறங்கியதும், ஓடிவந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லா மடிச்சிருக்கே. உயிரைக் காப்பாத்திட்டே."

"நான் எங்க மடிச்சேன்? புருஷன் பாராசூட்டைப் பொண்டாட்டி தொடக் கூடாதுன்னு தரக்கட்டுப்பாட்டு அதிகாரி நேத்தே உத்தரவு போட்டுட்டாரே."

"அப்படி ஒரு உத்தரவு எதுக்கு?"

"நாளைக்கு அவரும் குதிக்கணும். அவர் சம்சாரம் எனக்குப் பக்கத்து மேஜையிலதான் மடிக்கறாங்க."