பத்திரத்துக்கு எதுக்கு வக்கீல்?

"வக்கீலா? இந்தச் சின்னப் பத்திரத்துக்கு எதுக்கும்மா வக்கீலு?" என்று சிரித்தார் சுயம்பு.

அஜீசுன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "கிடங்கு சமாச்சாரமாச்சே அண்ணாச்சி. பின்னால யாருக்கும் பேஜாரு வரக் கூடாது. நீங்க ஒரு வக்கீலை வெச்சுக்கினா நல்லதுன்னு தோணிச்சு."

சுயம்பு தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ராயபுரத்தில் கருப்பட்டி மொத்த வியாபாரம். இருநூறு சிப்பம் கருப்பட்டி அப்போது கூட்ஸ் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. வானமோ இரண்டு நாளாகக் கறுத்து நின்றது. மழைக்கு முன்னால் ஒரு கிடங்கு கிடைக்காவிட்டால் சரக்கெல்லாம் பாகாகிவிடும்.

தரகர் மண்ணாங்கட்டிதான் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த கிடங்கைக் காட்டி, அதன் சொந்தக்காரியிடம் அவரை அழைத்து வந்திருந்தார். அஜீசுன்னிசாவின் புருஷன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. கிடங்கு வாடகையில்தான் வீட்டில் உலை கொதித்தது.

சுயம்பு பையிலிருந்து அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை எடுத்தார். "இது என்ன தெரியுமா? மாதிரிப் பத்திரப் புத்தகம். மூர் மார்க்கெட்டுல எட்டணா. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, வாடகை, எல்லாம் இதுல இருக்கு. பேரையும் ஊரையும் நிரப்பினா முடிஞ்சுது சோலி. வக்கீலுகிட்ட போனா முப்பது ரூவா!"

அஜீசுன்னிசா புத்தகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "படிச்சிக்கினே எழுதுங்க அண்ணாச்சி. நானும் கேட்டுக்கறேன்" என்றாள்.

சுயம்பு முத்திரைத்தாளை விரித்து, உரக்கப் படித்தபடி எழுதலானார். "வாடகையைப் பிரதி மாதம் ஐந்தாம் தேதிக்குள் செலுத்த வேண்டியது."

"ஒண்ணாந் தேதின்னு மாத்திக்கலாமா?"

"அதெல்லாம் கூடாதும்மா. அச்சுல இருக்கத ஒரு எழுத்து மாத்துனாலும் பத்திரம் செல்லாது. வெவரம் தெரிஞ்ச வக்கீலு ரோசிச்சு எழுதுனதாக்கும்!"

"அப்படியா! எனக்கு இன்னா தெரியும்" என்றாள் அவள். மண்ணாங்கட்டி உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வரியைப் படித்த சுயம்புவின் குரல் இறங்கியது. "மேற்படி கட்டடத்தின் கூரை ஒழுகினால், ஓடு மாற்றும் செலவு குடிக்கூலிக்காரரையே சேர்ந்தது."

பேனா நின்றது.

"குடிக்கூலிக்காரர்னா யாரு அண்ணாச்சி?"

"நாந்தான்." சுயம்பு தொண்டையைச் செருமினார். "இந்த ஒரு வரி மட்டும் நமக்குத் தேவையில்லன்னு நெனைக்கேன். அடிச்சிருவோமா?"

"ஐயே, பத்திரம் செல்லாம பூடுமே! இப்பத்தான சொன்னீங்க?" உண்மையிலேயே பதறியவள் போலக் கேட்டாள் அஜீசுன்னிசா. "வேணும்னா நாளைக்கு ஒரு வக்கீலுகிட்ட காட்டிட்டு வாங்க. கிடங்கு எங்கியும் ஓடிடாது."

அந்த நேரம் பார்த்து வாசல் தகரத்தில் இரண்டு துளி விழுந்தது. சுயம்பு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். கண்ணுக்குள் கருப்பட்டி கரைந்தது.

"ஓடு என்ன பெரிய ஓடு! மாத்திக்கிடலாம்" என்று எழுதினார்.

அதற்கடுத்த வரி வருஷத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடிப்பதை அவர் தலையில் கட்டியது. அதற்கும் அடுத்தது, சொந்தக்காரர் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் காலி செய்யச் சொன்னது. குடிக்கூலிக்காரர் காலி செய்வதென்றால் மட்டும் மூன்று மாதம். சுயம்பு பெருமூச்சு விட்டபடி எல்லாவற்றையும் எழுதினார். தானே சொன்ன பேச்சு, எப்படி மீறுவது?

"சுண்ணாம்பு ஒரு கோட்டு போதுமா, ரெண்டு கோட்டான்னு போட்டுக்கீதா அண்ணாச்சி?"

"ரெண்டு" என்றார் சுயம்பு, பல்லைக் கடித்துக்கொண்டு.

மண்ணாங்கட்டிக்குத் திடீரென்று இருமல் வந்தது. தண்ணீர் குடிக்க வெளியே போனவர், திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்த பத்திரத்தை வாங்கியும் அஜீசுன்னிசா பேனாவைத் தொடவில்லை. "கடைசியா கேக்கறேன். நீங்க போட்டுட்டா போட்டதுதான். ஒரு வக்கீலை…"

"எம்மா, நீங்க பயப்படாதீங்க! வக்கீலு பக்கமே போகாம வேவாரம் பண்ணுதது எப்படின்னு எங்கிட்ட கேளுங்க" என்று சொல்லி, சுயம்பு முதலில் கையெழுத்தைப் போட்டார். அடுத்து அவள் போட்டாள். மண்ணாங்கட்டி சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

சாவி கைக்கு வந்ததும் சுயம்புவுக்குத் தெம்பு திரும்பியது. குடையை விரித்தபடி வாசலில் நின்று சொன்னார்: "பாத்தீங்களா, வக்கீலு இல்லாமலே முடிச்சிட்டோம். ஆனா ஒண்ணு, இத எழுதுன மனுசன் சொந்தக்காரங்க பக்கமே ரொம்பச் சாஞ்சுட்டாரு."

"சாயாம இன்னா பண்ணுவாரு அண்ணாச்சி? மொதல்ல இந்தக் கிடங்கை வாடகைக்கு வுடத்தான் எங்க வூட்டுக்காரரு அந்தப் பத்திரத்தை எழுதினாரு. அச்சாபீசுக்குக் குடுத்ததெல்லாம் அப்பால" என்றாள் அஜீசுன்னிசா. "அதான் மூணு தபா சொன்னேன், நீங்களும் ஒரு வக்கீலை வெச்சுக்கோங்கன்னு. எனக்குத்தான் வூட்டுலயே ஒருத்தர் இருந்தாரே!"