புன்னக்காயல் புட்டி

“கடைசியா முகத்தைப் பாத்துக்கிடணும்னா இப்பமே பாத்துக்கோ. சாயங்காலம் ரயிலேத்திருவேன்” என்றார் பேராசிரியர் அப்பாத்துரை.

அவரது ஆய்வு மாணவி நிலோஃபர் பார்த்தாள். அழவில்லை. பாளையங்கோட்டைக் கல்லூரி ஆய்வுக்கூட மேஜையில், ரப்பர் அடைப்பான் போட்ட கண்ணாடிப் புட்டிக்குள் அது கலங்கலாகக் கிடந்தது.

புன்னக்காயல் கழிமுகத்துச் சேற்றில் அவள் கண்டெடுத்த நுண்ணுயிர். இன்னும் எவனும் பெயர் வைக்காதது. மீத்தேன் வாயு விடுகிற மற்ற கிருமிகள் உப்புத் தண்ணீரில் அநேகமாகச் சுருண்டுவிடும். இது அங்கேயே குடித்தனம் நடத்தும். இறால் பண்ணைக்காரன் கொட்டுகிற உப்புக் கழிவைக்கூட அடுப்பெரிக்க வைத்துவிடலாம்.

ஐந்து வருஷமாக அவளுக்குப் படகு பிடித்து, இடுப்பளவு சேற்றில் கூடவே இறங்கிய உதவியாள் பாக்கியசீலன் சுவரோரம் நின்றார்.

“சென்னை மாநாட்டுல நான் அறிவிக்கேன். பேருகூட யோசிச்சாச்சு. அப்பாத்துரைய லத்தீன்ல நீட்டுனா நல்லாத்தான் வருது.”

“எம்பேரு, சார்?”

“கடைசியில நன்றி சொல்லுவோம்லா, அங்கன போட்டிருவோம்.”

மேலப்பாளையத்தில் அவள் அத்தா ஹசன் அலி, ஒரே ஒரு லுங்கியை விற்க அரை நாள் மல்லுக்கட்டுகிற மனுஷர். மகளோ, “சரி சார். அப்ப ஆய்வேட்டுல கையெழுத்துப் போட்டிருங்க” என்றதோடு நிறுத்திக்கொண்டாள். இவ்வளவு மலிவாக முடியும் என்று பேராசிரியரே எதிர்பார்க்கவில்லை. பேனாவைத் திறந்து, தாராளமாகப் போட்டார்.

“சரக்கைத் தட்டிப் பாக்காம எடுக்கப்படாதுல்லா?” அடைப்பானில் ஊசியைக் குத்தி, அதன் முனையில் தீக்குச்சியைக் காட்டினார். பொசுக்கென்று நீலமாகப் பற்றியது. “ஏலே பாக்கியசீலா, பாத்தியாலே! மீத்தேன்! உசிரோட இருக்கு!”

பாக்கியசீலன் புட்டியைத்தான் பார்த்தார். அலமாரியில் இருந்த மற்ற புன்னக்காயல் புட்டிகளின் கழுத்தில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. இது மட்டும் பளிச்சென்று இருந்தது. குளிப்பாட்டி அனுப்புகிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பேராசிரியர் புட்டியைத் துண்டில் சுற்றி, பச்சைப்பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினார். “பைய போ வே, குலுங்கிரப்படாது!” என்று டிரைவரை அதட்டுவது மாடி வரைக்கும் கேட்டது.

ஆட்டோ சத்தம் தேய்ந்தது.

“இப்படிக் கொடுத்துட்டியே தாயி” என்றார் பாக்கியசீலன். “அங்கன பெரிய பெரிய ஆளுகல்லாம் அதை உப்புத் தண்ணியில வளத்துப் பாப்பாவளாம்லா. ஊரே அவரைத்தான் கொண்டாடப்போவுது.”

நிலோஃபர் ஆய்வேட்டைப் பைக்குள் வைத்தாள். முகத்தில் கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. குழாயைத் திறந்து, விரல் விரலாகச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

“அவரு கொண்டுபோனது எங்க பக்கத்து வீட்டு எருமைச் சாணி, அண்ணாச்சி.”