துண்டு போட்ட இடம்

லூர்துமேரியின் குழியில் கடைசி மண் விழுந்ததும், சவுரிமுத்து தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார்.

கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். மகள் புனிதா தாங்கிப் பிடிக்கக் கையைக்கூட நீட்டிவிட்டாள்.

அவர் அந்தத் துண்டை மனைவியின் குழிமேட்டுக்குப் பக்கத்திலிருந்த வெறும் தரையில் நீளவாக்கில் விரித்தார். நான்கு மூலைக்கும் நான்கு கல் பொறுக்கி வைத்தார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

அழுகை அப்படியே நின்றது. சுற்றி நின்றவர்கள் திண்டிவனத்துக்காரர்கள். அவர்களுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முப்பத்தோரு வருஷம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் துண்டு போட்டவர் அவர். காலை ஆறே கால் விழுப்புரம் வண்டி உள்ளே திரும்பும்போதே அதோடு சேர்ந்து ஓடுவார். வண்டி நிற்பதற்குள் துண்டு ஜன்னல் வழியாகப் பறந்து, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் போய் விழும். மழைக்கு ஷட்டரை இறக்கியிருந்த ஒருநாள், கடைசி ஜன்னலில் வீசியே மூன்றாவது சீட்டில் விழவைத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. பார்த்ததாக ஒருவரும் இல்லை. நம்பாதவரும் இல்லை.

எல்லோரும் முட்டி மோதி ஏறி முடித்த பிறகு, லூர்துமேரி ஒயர்கூடையோடு கல்யாணப் பெண் மாதிரி நிதானமாக வந்து ஜன்னலோரம் உட்காருவாள். விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. நின்றுகொண்டே வேலைக்குப் போன நாள் அவளுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

ஆனால் கல்லறைத் தோட்டத்தின் சட்டம் வேறு. இருப்பதே கொஞ்சம் இடம். குடும்பத்துக்கென்று ஒதுக்குவதில்லை. வரிசைதான். அடுத்து யார் போகிறார்களோ, அவர்களுக்கு அடுத்த குழி.

அடுத்து யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. கீழத்தெரு ஞானப்பிரகாசம். பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் கடைசி எண்ணெயை மூன்று முறை பூசி, மூன்று முறையும் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டவர். இன்றுகூட பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கிவந்து வேப்பமரத்தடியில் வைத்திருந்தார்கள்.

சவுரிமுத்துவுக்கோ எழுபத்து நான்கு வயதில் சர்க்கரைகூட இல்லை. அவருடைய ஆரோக்கியம்தான் இப்போது அவருக்கு எதிரி. ஞானப்பிரகாசம் முந்திக்கொண்டால், கடைசித் தீர்ப்பு நாள்வரைக்கும் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அவர் படுத்திருப்பார்.

சர்ச் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் சின்னப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“பெரியவரே, இது இன்னா பஸ்ஸா? ஜல்தியா துண்ட எடுங்க.”

“நீயே எடேன்” என்றார் சவுரிமுத்து. “நீயுந்தான் தெனம் விழுப்புரம் போய்க்கினு வர்ற. அடுத்தவன் துண்ட எடுத்துப் போட்டுட்டு என்னிக்காவது குந்தியிருக்கியா?”

உபதேசியார் குனிந்தார். துண்டுக்கு ஒரு சாண் மேலே அவர் கை நின்றுவிட்டது.

பதினெட்டு வருஷமாக அதே வழித்தடத்தில் போய்வரும் மனுஷன். துண்டு, கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், ஒருதடவை ஒற்றைச் செருப்பு. எது கிடந்தாலும் அது ஆள் இருக்கிற இடம். மீறி உட்கார்ந்தவனை, விக்கிரவாண்டி வருவதற்குள் மொத்த பஸ்ஸும் சேர்ந்து பேசியே எழுப்பிவிடும்.

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“சாமியார் கேட்டா நான் பாக்கலன்னுதான் சொல்லுவேன்.”

வேப்பமரத்தடியில் நாற்காலி கிரீச்சிட்டது. ஞானப்பிரகாசம் எழுந்துகொண்டிருந்தார். கைத்தடியை ஊன்றி, ஒவ்வோர் அடிக்கும் மூச்சு வாங்கி வந்துசேர்ந்தார். விரித்த துண்டைப் பார்த்தார். நான்கு கல்லையும் பார்த்தார்.

தலையிலிருந்த குரங்குக் குல்லாயைக் கழற்றி, துண்டுக்கு அந்தப் பக்கம் பொத்தென்று போட்டார்.

“நான் ஒண்டி ஆளு. எனுக்கு இந்த ஓரம் போதும்.”

ஒப்பாரி வைக்க வந்த பெண்களே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள்.

வெளியே வரும்போது சவுரிமுத்துவின் ஒரு கை புனிதாவின் தோளில் இருந்தது. இன்னொரு கை தன் வெறும் தோளைத் தடவித் தடவிப் பார்த்தது.

“வேற துண்டு எடுத்துத் தரேம்ப்பா” என்றாள் புனிதா.

அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

பள்ளிக்கூடம் போகிற வயதில் அவளும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறாள். கண்டக்டர் விசில் கொடுப்பார். வண்டி நகரும். மூன்றாவது ஜன்னலிலிருந்து அம்மாவின் கை துண்டை வெளியே நீட்டும். அப்பா கூடவே நாலு எட்டு ஓடி அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மல்லாட்டை மண்டிக்கு வேர்க்கடலை மூட்டை தூக்க நடப்பார்.

முப்பத்தோரு வருஷமும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவர்கள் யார் யாரோ. அந்த வண்டியில் அப்பா ஒருநாள்கூட ஏறியதில்லை.