ஆறாவது வீடு

ஹார்லன்பர்க் நகரின் காவல்துறைத் தலைவர் நார்பெர்ட் ஹாஸுக்கு இரண்டு எதிரிகள். ஒருவர், மே மாதத்திலிருந்து ஊரில் ஐந்து வீடுகளில் புகுந்து திருடிய ஆசாமி. இன்னொருவர், பொழுதுபோக்குத் துறை இயக்குநர் மார்லிஸ்.

ஆகஸ்ட் பிறந்ததும், இருவரும் ஒருவரேதானோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மார்லிஸ் மேல் அவருக்குப் பழைய கடுப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது திங்கட்கிழமை நகர மன்றம் கூடும். எல்லாத் துறையும் மாத அறிக்கை வைக்கவேண்டும். மார்லிஸின் அறிக்கையில் நீச்சல் வகுப்புக் குழந்தைகள் பல்லைக் காட்டிச் சிரிப்பார்கள். முதியோர் சுற்றுலா பஸ்ஸிலிருந்து கையாட்டுவார்கள். உறுப்பினர்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றி ரசிப்பார்கள். ஹாஸின் அறிக்கை அரைப் பக்கம். பிடித்த நாய்கள் இரண்டு, எச்சரித்து அனுப்பிய கார்கள் ஒன்பது.

“நாலு போலீஸ்காரங்க மாசம் பூரா இதைத்தான் செய்றீங்களா?” என்று மார்ச் மாதம் ஒரு உறுப்பினர் கேட்டேவிட்டார்.

ஏப்ரலிலிருந்து ஹாஸ் அறிக்கையை நான்கு பக்கம் எழுதினார். அப்படியும் எல்லோருடைய கையும் முதலில் மார்லிஸின் படங்களைத்தான் தேடிப் போயிற்று.

இந்தத் திங்கட்கிழமை கூட்டம் முடிந்ததும் மேயர் பெவர்லி அவரைத் தனியே அழைத்தார்.

“நார்பெர்ட், இன்னும் ஒரு வீடு போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நம்ம காவல் நிலையத்தை மூடிட்டு, வேலையை மாவட்டப் போலீஸ், அந்த ஷெரிப்கிட்ட ஒப்படைச்சிடலாம்னு எல்லாரும் பேசிக்கிறாங்க.”

“எனக்கு ஒரு வாரம் குடுங்க.”

“அடுத்த வீடு வரைக்கும்தான் குடுக்க முடியும்.”

ஹாஸ் தன் அறைக்குப் போய் ஐந்து வழக்குக் கோப்புகளையும் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து வீட்டுக்காரர்களும் ஓய்வுபெற்றவர்கள். ஐந்து பேருமே மார்லிஸின் சுற்றுலா பஸ்ஸில் போயிருந்த நாட்களில்தான் திருட்டு. போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். தினமும் காலை எட்டுக்கும் பகல் பன்னிரண்டுக்கும் ரோந்து வண்டி போய் அந்த வீடுகளைப் பார்த்து வந்தது. திருடன் ஒருமுறைகூட அந்த நேரத்தில் வந்ததில்லை. இரண்டுக்கும் நடுவில்தான் வந்திருக்கிறான்.

யார் ஊரில் இல்லை என்பது மார்லிஸுக்குத் தெரியும். ரோந்து நேரமும் தெரிந்திருக்கும். நகராட்சிக் கட்டடத்தின் ஒரே காபி மெஷின் காவல் நிலையத்தில்தான் இருக்கிறது. தினமும் கோப்பையோடு வந்து கால்மணி நேரம் நிற்கிறவள்தானே.

மறுநாள் அவள் காபிக்கு வந்தபோது ஹாஸ் கேட்டார்.

“போன மாசம் எட்டாந்தேதி காலைல பத்து மணிக்கு எங்க இருந்தீங்க?”

“தண்ணில.”

“விளையாடாதீங்க.”

“நீச்சல் குளத்துல, நார்பெர்ட். பன்னண்டு பாட்டிங்களோட கையைக் காலை ஆட்டிட்டு இருந்தேன். நீங்களும் வாங்களேன், ஒரு ரப்பர் தொப்பி மிச்சம் இருக்கு.” சிரித்தவளின் முகம் சட்டென்று மாறியது. “இருங்க. என்னையா சந்தேகப்படறீங்க? லோயிஸ் வீட்டுல அவ அம்மா குடுத்த வெள்ளிக் கரண்டியெல்லாம் திருட்டுப் போச்சு. சேதி தெரிஞ்சதும் என் தோள்ல சாஞ்சு அழுதா. நீங்க என்னடான்னா எங்கிட்ட மணி கேக்கறீங்க!”

கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஹாஸுக்கு ஒரு நிமிஷம் சங்கடமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தார். அவளே போகவேண்டும் என்று என்ன அவசியம்? தகவல் சொல்ல ஒருத்தி, உள்ளே போக ஒருத்தன்.

வியாழக்கிழமை மார்லிஸின் பஸ் ஏரிக்கரைச் சுற்றுலாவுக்குக் கிளம்பியது. அதில் எல்ம் தெரு வில்மா ஷ்ரோடரும் இருந்தார். வில்மா கொடுத்துவிட்டுப் போன சாவியோடு, வெள்ளிக்கிழமை காலை ஹாஸ் அந்த வீட்டுக்குள் போய்ச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். தன் ஆட்களிடம்கூடச் சொல்லவில்லை. காரை நூலகத்தில் விட்டுவிட்டு நடந்தே வந்திருந்தார். எட்டு மணிக்கு ரோந்து வண்டி வந்து போகும் சத்தம் கேட்டது. மடியில் கைவிலங்கு. மேயர் முன்னால் மார்லிஸிடம் என்ன சொல்லவேண்டும் என்பதைக்கூட மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டார்.

பத்து மணி பத்து நிமிஷத்துக்கு, பின்கதவுப் பூட்டு மெல்லத் திறந்தது.

வந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. கால்மிதியில் ஷூவைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தவன், ஹாஸின் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தான்.

“மார்லிஸ் எவ்வளவு பங்கு கேட்டா?”

“அது யாரு சார்?”

“நடிக்காத! வில்மா ஊர்ல இல்லன்னு உனக்கு யார் சொன்னது? எங்க வண்டி எட்டுக்கும் பன்னண்டுக்கும் வரும்னு யார் சொன்னது?”

அவன் சட்டைப் பையைக் கண்ணால் காட்டினான். ஹாஸ் அதிலிருந்த காகிதங்களை உருவிப் பிரித்தார். நகராட்சி இணையதளத்திலிருந்து எடுத்த மாத அறிக்கை, நான்கு பக்கங்கள். மூன்றாம் பக்கத்தில் சிவப்புக் கோடு இழுத்திருந்தது: ‘ஆளில்லாத வீடுகள் கண்காணிப்பு. வில்மா ஷ்ரோடர், 14 எல்ம் தெரு, ஆகஸ்ட் 14 முதல் 18 வரை. தினமும் காலை 8, பகல் 12.’ கடைசிப் பக்கத்தின் அடியில் கையெழுத்து: நார்பெர்ட் ஹாஸ், காவல்துறைத் தலைவர்.

ஹாஸ் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருமுறை புரட்டினார்.

“இதை நீ... முழுசாவா படிக்கறே?”

“மாசாமாசம் ஒரு வரி விடாம, சார், பொழுதுபோக்குத் துறையோடதைத்தான் தொறக்கறதே இல்ல, அதுல வெறும் படம்.”