கரிச்சுவர்

சுண்ணாம்பு வாளியைத் தம்பையாவின் காலடியில் வைத்தார் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி இராமையா.

"நீதானே கரி பூசினே? நீயே வெள்ளை அடி."

லயத்து வரிசை வீடுகளின் சனம் கூடி நின்றது. பொங்கலுக்காக எல்லா ஓரறைக் காம்பராக்களும் வெள்ளையடித்தாயிற்று. கடைசிக் காம்பராவின் பக்கச் சுவர் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. அடுப்புக் கரியும் தாரும் குழைத்த பூச்சு. அதன் முன்னால், ஒரு கை இடைவெளி விட்டு, சன்னல் கண்ணாடித் துண்டுகள் குச்சிகளில் சாய்ந்து நின்றன.

அந்தக் காம்பரா மாடசாமியுடையது. தம்பையா அவருடைய செத்துப்போன மனைவியின் தம்பி. அடுத்த காம்பராவில் தனியாக இருந்தான். அவன் தொழிற்சங்கம் மாறியதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"நான் வெலிமடைக்குப் போயிருந்தப்போ பூசியிருக்கான் கங்காணி. வெள்ளையடிக்கையில பாத்துக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க," என்றார் மாடசாமி. "பச்சப்புள்ள இருக்கிற வீடு. கரியப் பூசி, கண்ணாடிய நட்டு... செய்வினை இல்லாம வேறென்ன?"

"கண்ணாடி தேயிலை ஸ்டோர்ல களவாண்டதா?" என்று தம்பையாவிடம் கேட்டார் கங்காணி.

"இல்லீங்க. அப்புத்தளையில அலவி நானா கடையில வாங்குனது. ஓரம் ஒடஞ்சது."

"எதுக்குடா?"

தம்பையா தரையைப் பார்த்தான். "வெயிலு புடிக்கத்தாங்க. ரோட்டுல தாரு சிந்துன கல்லு, இருட்டுன பொறகும் சுடுது. அதான்..."

"வெயிலப் புடிச்சு சாக்குல கட்டவா?" என்றாள் கொழுந்து பறிக்கும் பாக்கியலெட்சுமி. கூட்டம் சிரித்தது.

"புடிக்கிறதுன்னா ஒன் வீட்டுல புடி!" மாடசாமி காலால் எத்தினார். கண்ணாடிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து நொறுங்கின.

தம்பையாவின் காம்பரா நடுவில். அதற்கு வெயில் நேரே விழும் சுவர் கிடையாது. அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அவன் குனிந்து, பிள்ளைகள் மிதித்துவிடாதபடி சில்லுகளைப் பொறுக்கினான். பிறகு மட்டையை வாளியில் தோய்த்தான்.

மறுநாள் அந்தியில் குழந்தைக்கு மறுபடி இழுப்பு வந்தது.

தலைப்பிரசவத்துக்குத் தகப்பன் மாடசாமியின் வீட்டுக்கு வந்த நல்லம்மாவின் குழந்தை. மார்கழிக் குளிரில் பிறந்தது முதல் அதற்கு மூச்சு முட்டியது. கதகதப்பாக வைத்திருக்கச் சொன்னார் தோட்டத்து டிஸ்பென்சர். அடுப்பை எரித்தால் புகையில் இன்னும் இழுத்தது. மாரியம்மன் கோவிலில் மந்திரித்துக் கயிறு கட்டிய பிறகுதான் கொஞ்ச நாளாகத் தூங்கியது.

"கயிறு அவுந்து போச்சா பாரு," என்றார் மாடசாமி.

கயிறு குழந்தையின் கையிலேயே இருந்தது.

நல்லம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போலப் பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்தாள். சட்டென்று விலகினாள்.

"அப்பா, இங்கன கைய வைங்க."

வைத்தார். ஈரத்துணி மாதிரி இருந்தது.

"இத்தன நாளும் இந்தச் செவரு விடியிற வரைக்கும் வெதுவெதுன்னு இருந்திச்சு. நான் அடுப்புச் சூடுன்னுல்ல நெனச்சேன்."

"அடுப்பு அந்தப் பக்கமுல்ல இருக்கு," என்றார் மாடசாமி.

முந்தின நாள் வரை கரி இருந்தது அந்தச் சுவரின் வெளிப்புறத்தில்தான். அவர் கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் நின்றார். குழந்தையின் நெஞ்சு குழிந்து குழிந்து எழுந்தது. அடுத்த காம்பராவில் தம்பையா இருமலை அடக்குவது கேட்டது.

காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குக் கொம்பு ஊதியபோது, பெயர் கொடுக்கப் புறப்பட்டு வெளியே வந்தான் தம்பையா.

பக்கச் சுவரில் பாதி மறுபடியும் கறுத்திருந்தது. சட்டியடிக் கரியைக் கஞ்சியில் குழைத்துக் கையாலேயே பூசிக்கொண்டிருந்தார் மாடசாமி.

"பொங்கல் வர்ற நேரத்துல இந்தாளுக்கும் பைத்தியம் புடிச்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே கூடையுடன் மலைக்கு ஏறினாள் பாக்கியலெட்சுமி.

மாடசாமி இன்னொரு கை கரியை அள்ளிப் பூசினார்.

தம்பையா கீழே கிடந்த குச்சிகளை எடுத்து, சுவரிலிருந்து ஒரு கை தள்ளி ஊன்றினான்.

மாடசாமி கரிக்கையை வேட்டியில் துடைத்தார். பதுளையில் எடுத்த மனைவியின் படத்திலிருந்து கழற்றி வைத்திருந்த கண்ணாடியை, அந்தக் குச்சிகளில் சாய்த்து வைத்தார்.