மலையன் ஓங்கிய கை

வழக்குகள் அனைத்தும் இனிமேல் திரையில் நடக்கும் பூதச் சண்டையிலேயே தீர்க்கப்படும் என்று மாண்புமிகு அரசு நாதஸ்வரம் முழங்க அறிவித்தது.

சாலைக்காக இடிக்கவிருந்த தன் வீட்டைக் காப்பாற்ற ஏகாம்பரம் தேர்ந்தெடுத்த பூதம், மலையன். யானை உடம்பு, மந்தமான கை; ஆனால் அந்தக் கை விழுந்தால் ஒரே அடியில் எதிரி காலி. மாநகராட்சி அனுப்பியதோ ஒரு கொசுப் பூதம்.

கொசு கடிக்கத் தொடங்கியது. ஏகாம்பரம் அடிக்கும் பொத்தானைத் தொடவில்லை.

"அடிய்யா! பாதி உசிரு பூடுச்சு!" என்று கதறினாள் மனைவி பொற்கொடி.

"இருடி, ராகுகாலம் முடியட்டும். மொத அடி நல்ல நேரத்துல விழணும். கொசு எவ்ளோ கடிச்சாலும் இவன் தாங்குவான்."

"அவன் தாங்குவான்யா. புள்ளைங்கள நான் எங்க படுக்க வைப்பேன்?"

ராகுகாலம் முடிந்ததும் ஏகாம்பரம் கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினான். மலையன் நிதானமாகக் கையை ஓங்கினான். அது இறங்குமுன் கொசு இன்னொரு முறை கடித்தது, மலையன் சாய்ந்தான்.

சாயங்காலம் வீட்டை இடித்தார்கள்.